மடிப்பு

பீரோவின் மேல்தட்டில், அடியிலிருந்து மூன்றாவதாக இருந்தது அந்தச் சுங்குடிச் சேலை. அரக்குச் சிவப்பு, கரையில் மாம்பழ மஞ்சள், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வெள்ளிக்கிழமை மானாமதுரையில் ஒரு கல்யாணம். இந்த வெயிலுக்குப் பட்டு வேண்டாம், பருத்திதான் தாங்கும் என்று அதை உருவினேன். மடிப்பு அப்படியே நின்றது. கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை ஐந்து வருஷம் கை படாமல் கிடந்தால், பிரிக்கும்போது ஒட்டிக்கொண்ட தாள் விடுபடுகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் வரும். முதல் மடிப்பு. இரண்டாவது மடிப்பு. அதற்குள்ளே ஒரு காகிதம்.

தினசரி காலண்டர் தாள். 2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. பின்பக்கம் என் கையெழுத்தில் "இந்தக் கோடைக்கு" என்று தலைப்பு, அதற்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு, கீழே ஏழு வரி. எங்கேயோ தொலைந்துவிட்டது என்று அந்த ஏப்ரல் மாசம் வீடு முழுக்கத் தேடிய தாள் இது.

அதைக் கிழித்த ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கே தமிழ்நாட்டில் 144 வந்துவிட்டது. எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து நாடு முழுக்க 21 நாள் என்றார். மறுநாள் விடிவதற்குள் தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம், அதுவும் எங்கள் மதுரையில். பயத்தில் தூக்கம் வரவில்லை. வாத்தியார் வேலை பார்க்கிறவளுக்குப் பயம் வந்தால் கை தானாகப் பாடத்திட்டம் போடும். இத்தனை நாளில் இத்தனை பாடம், இந்தத் தேதியில் தேர்வு என்று கட்டம் போட்டுவிட்டால் நாளைக்குப் பிறகும் நாள் இருக்கிறது என்று ஒரு தைரியம். அன்றைக்கு நான் எழுதியது ஆசைப் பட்டியல் இல்லை. பிழைத்துக் கிடப்போம் என்று எனக்கு நானே எழுதிக்கொடுத்த சீட்டு.

முதல் வரி, மகளுக்குக் கணக்கு. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. மார்ச் 27 தொடங்க வேண்டிய பரீட்சை ஜூன் 1 என்றார்கள், பிறகு ஜூன் 15 என்றார்கள், ஜூன் 9 அன்று பரீட்சையே கிடையாது, எல்லோரும் தேர்ச்சி என்றார்கள். காலாண்டு அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20. இரண்டரை மாசம் முக்கோணவியலோடு மல்லாடிய பிள்ளை அந்தச் செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்படும் என்று நினைத்தேன். அறைக்குள் போய் அழுதாள். அந்த அழுகைக்கு என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை.

இரண்டாவது, பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும். ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற இடத்தை என் வாழ்நாளில் நாலு முறை படித்திருக்கிறேன். அந்தக் கோடையில் ஐந்தாவது முறை. இரண்டாம் பாகத்தோடு நின்றது.

மூன்றாவது, அத்தையிடம் கூழ் வடகம் போடக் கற்றுக்கொள்வது. என் மாமியாரைத்தான் அத்தை என்கிறேன். பதினெட்டு வருஷம் ஒரே அடுப்படியில் நின்றும் அந்த வித்தை என் கைக்கு வந்ததில்லை. கோடை லீவில்தான் எங்களுக்கு விடைத்தாள் திருத்தும் வேலை வந்து விழும். அந்த வருஷம் விடைத்தாளே இல்லை. விடிகாலை நாலரைக்கு எழுப்பிவிடுவார். ராத்திரி ஊறிய ஜவ்வரிசியைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். மணி மணியாக வெள்ளையாகத் தெரிகிறவரை அது கூழ் இல்லை. கண்ணாடி மாதிரி ஆகி, கரண்டியைத் தூக்கினால் அறுந்து விழாமல் நூலாக இறங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அரைத்த பச்சை மிளகாய், சீரகம், எலுமிச்சைச் சாறு. உப்பு மட்டும் அரை உப்பு. "காயக் காய உப்பு ஏறும்மா, இப்பவே சரியா இருந்தா அப்பறம் வாயில வைக்க முடியாது" என்பார். மொட்டை மாடியில் நனைத்துப் பிழிந்த பழைய வேட்டியை விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றிக்கொண்டே பின்னால் நகர வேண்டும். ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தரை காலைச் சுட்டுவிடும். மறுநாள் வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுக்கும்.

காக்கா வராமல் கறுப்புக் குடையை விரித்து நட்டு வைப்போம். அந்தக் குடை நிழலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கீழே வேப்பமரத்தடி கண்ணில் படும். அங்கே ஒரு வண்டி, மேலே நீலத் தார்ப்பாய், தார்ப்பாய் மேல் உதிர்ந்த பூ. தேய்ப்பு வண்டி.

விளாங்குடியில் எங்கள் தெருவுக்கு நாங்கள் குடிவந்த நாளிலிருந்து தேய்ப்புக்கார அண்ணன் அங்கேதான் நின்றார். சிரட்டைக்கரி போட்ட பித்தளைப் பெட்டி. விசிறியால் விசிறி, மூடியைச் சாத்தி, அடிப்பாகத்தை ஈரச் சாக்கில் ஒரு இழுப்பு இழுத்துச் சாம்பலைத் துடைப்பார். விரலை நனைத்துப் பெட்டியில் ஒரு சுண்டு. அந்தச் சத்தத்தை வைத்தே எது பருத்திக்கு ஆகும், எது பாலியஸ்டருக்கு ஆகும் என்று தெரியும் அவருக்கு. சேலையை மனைவி ஒரு முனை, அவர் ஒரு முனை பிடித்து ஒரு உதறு உதறுவார்கள். அந்தச் சத்தத்தில் மரத்திலிருக்கிற அணில் ஓடும்.

ஊரடங்கில் ஆபீஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, கல்யாணம் கிடையாது. வீட்டுக்குள் லுங்கியும் நைட்டியுமாக இருக்கிறவர்களுக்கு எதற்குத் தேய்ப்பு? வண்டி போடவும் விடவில்லை. அடுத்த தெருவில் ஒற்றை அறை வீடு, மனைவி, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த மகள். அரசு ஏப்ரலில் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாயும் அரிசி பருப்பும் கொடுத்தது. அவருக்கு அட்டை மானாமதுரைப் பக்கம் சொந்த ஊரில். எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாடு முழுக்க வந்தது அந்த வருஷம் அக்டோபரில்தான். வயிறு அக்டோபர்வரை காத்திருக்குமா?

ஒரு நாள் ஐந்நூறு ரூபாயை நீட்டினேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "வேலை குடுங்க டீச்சர், சும்மா குடுக்காதீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

அதற்குப் பிறகு துணி கொடுக்கத் தொடங்கினேன். முதல் வாரம் உண்மையிலேயே கசங்கியது இருந்தது. அது தீர்ந்ததும் பீரோவில் கை வைத்தேன். ஏற்கெனவே தேய்த்து அடுக்கியிருந்த சேலைகளை எடுத்து, இரண்டு தரம் உதறி, முந்தானையைக் கையில் கசக்கி, துணிப்பையில் அமுக்கிக் கொண்டுபோவேன். அவர் வாசலில் கரி பற்றவைத்திருப்பார். சேலையை வாங்கி மடிப்பை ஒரு நிமிஷம் பார்ப்பார். அவர் போட்ட மடிப்புத்தானே? ஒன்றும் சொல்ல மாட்டார். தண்ணீர் தெளித்து, முழுவதும் விரித்து, முதலிலிருந்து தேய்ப்பார். ஒரு கோடு விட்டதில்லை, ஒரு ஓரத்தை அவசரத்தில் தாண்டியதில்லை. உடுத்தப் போகாத சேலைக்கு அவ்வளவு மரியாதை. எங்கள் பள்ளியில் அந்த மாசம் பாதிச் சம்பளம்தான். அதிலும் அந்தக் காசு ஒன்றுதான் சரியான இடத்துக்குப் போனதாக எனக்கு நிறைவு இருந்தது.

பட்டியல் தொலைந்ததும் அந்த நாட்களில்தான். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படட்டும் என்று சேலை அடுக்கில் செருகி வைத்திருந்தேன். எந்த அடுக்கு என்பது மறந்துபோயிற்று.

மே 4 அன்று மீனாட்சி கல்யாணம். அன்றைக்கே அக்னி நட்சத்திரமும் தொடங்கியது. மதுரைக்காரிகளுக்கு அந்தக் காலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆடி வீதிப் பந்தலுக்குள் இடம் கிடைக்காவிட்டாலும், சித்திரை வீதியில் நெரிசலில் நின்று, அம்மனுக்குத் தாலி ஏறும் நேரத்தில் எங்கள் தாலிக்கயிற்றையும் மாற்றிக்கொள்வோம். அந்த வருஷம் கோயிலுக்குள் சிவாச்சாரியார்கள் சிலர் மட்டும் நின்று நடத்திவைத்தார்கள், நேரலையில் காட்டினார்கள். கூடத்தில் மகளின் போனைச் சொம்பில் சாய்த்து வைத்துவிட்டு, அத்தை எனக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். மே 7 சித்ரா பௌர்ணமி. அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. தோப்பரையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் இல்லை, நீர்மோர்ப் பந்தல் இல்லை, தல்லாகுளத்தில் எதிர்சேவை இல்லை. இருட்டிய பிறகு மாடியில் நின்று அத்தை வைகை இருக்கிற பக்கம் பார்த்துக் கும்பிட்டார். "எங்க அப்பத்தா காலத்துல கூட இப்படிக் கேட்டதில்ல" என்றார். அந்த ஊமை நிலாவை என்னால் மறக்க முடியாது.

மீனாட்சி கல்யாணத்தன்று சாயங்காலம் அண்ணன் தேய்த்த சேலைகளைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். எட்டிப் போனவர் நின்றார்.

"டீச்சர், நம்ம புள்ள சைக்கிள் சும்மாதான் கெடக்கு. காலைல தெருவுல ஆள் இல்லாதப்ப ஓட்டிப் பழகுறீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆசையை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம்கூட. அத்தை ஏதோ ஊகித்துச் சொல்லியிருப்பார் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆசை 1992 கோடையில் வந்தது. எனக்குப் பதிமூன்று வயது. லீவுக்குப் புதுக்கோட்டை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். மாவட்டமே அறிவொளி இயக்கத்தில் கிடந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். கல் உடைக்கிற பெண்கள், கல் பட்டை தீட்டுகிற பெண்கள், பால்வாடி ஆயாக்கள், டீச்சர்கள் எல்லோரும் பழகினார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். சித்தியும் பழகினாள். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, கேரியரில் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு அவள் வந்த வேகத்தைப் பார்த்து நான் திண்ணையில் எழுந்து நின்றுவிட்டேன். மறுநாள் எனக்குச் சொல்லித் தருவதாக இருந்தாள். அந்த மறுநாள்தான் நான் வயசுக்கு வந்தேன். பதினாறு நாள் ஓலைத் தடுப்புக்குள். வெளியே வந்த பிறகு, "பொட்டப்புள்ள விழுந்து வச்சா என்ன பண்றது" என்று பாட்டி முடித்துவைத்தார். அடுத்த கோடை, அதற்கடுத்த கோடை என்று தள்ளிப்போய், நாற்பத்தியொரு வயதில் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் வந்து உட்கார்ந்தது.

புள்ள சைக்கிள் என்று அண்ணன் சொன்னது, அவர் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்தான். முன்னால் கம்பிக் கூடை. செயினுக்கு எண்ணெய் விட்டு, சீட்டை இறக்கி வைத்திருந்தார். மறுநாள் காலை ஐந்தரை. முகத்தில் துணி மாஸ்க். அவர் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவார், அவர் மகள் பக்கத்தில் ஓடி வருவாள். "கீழ பாக்காதீங்க டீச்சர். சக்கரம் எங்கயும் போயிராது. வேப்பமரத்தப் பாருங்க." அடுத்த நாள், "ஹேண்டில அமுக்காதீங்க, கோழிக்குஞ்சப் பிடிக்கிற மாதிரி பிடிங்க." மூன்றாம் நாள் விழுந்தேன், முழங்கால் தேய்ந்தது. பத்தாம் நாள் மரத்தைத் தாண்டி, சாக்கடைப் பாலம் தாண்டி, பிள்ளையார் கோயில் தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தால் அவர் வெகுதூரத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். எப்போது விட்டார் என்று தெரியவில்லை. மாடியிலிருந்து அத்தை கை தட்டினார்.

மே நடுவில் தனியாகப் போகத் தொடங்கினேன். வைகைக் கரைவரை போய்த் திரும்புவேன். நாற்பத்தியொரு வயதில் காற்று அப்படி முகத்தில் அடித்தது எனக்கு ஒரு பிறவிக்குப் போதும். ஆனால் அந்தத் தெரு எனக்குக் கிடைத்த விதத்தை நினைத்தால் மனசு கூசுகிறது. வழியில் டீக்கடை சாத்திக் கிடக்கும். பரோட்டாக் கடையின் கல் திருப்பிச் சுவரில் சாய்த்திருக்கும். மல்லிகைப்பூ அளக்கிற அக்கா உட்காரும் இடத்தில் அவளுடைய பலகை மட்டும் கிடக்கும். சலூன் வாசலில் நாற்காலி கவிழ்ந்திருக்கும். நான் விழாமல் ஓட்டுவதற்கு இத்தனை பேர் தொழிலை விட்டு உள்ளே கிடக்க வேண்டியிருந்தது. எனக்குப் பிடித்துக் கொடுத்தவரே அவர்களில் ஒருவர். அந்தக் கோடையை வீட்டோடு நிம்மதியாக இருந்த காலம், ஏதேதோ கற்றுக்கொண்ட காலம் என்று யாராவது சொல்லக் கேட்டால் எனக்கு அந்தப் பூப்பலகைதான் முன்னால் வரும். நானும் கற்றுக்கொண்டேன், மறுக்கவில்லை. அந்தப் பலகையையும் சேர்த்துச் சொல்லாமல் அதைச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம்.

ஜூன் 1 முதல் பேருந்து மண்டலத்துக்குள் ஓடியது. மூச்சு விட்டோம் என்று நினைக்கும்போதே ஜூன் 24 முதல் மதுரைக்குத் திரும்பவும் முழு ஊரடங்கு என்றார்கள். அது ஜூலை இரண்டாம் வாரம்வரை இழுத்தது. அறிவிப்பு வந்ததும் அண்ணன் ஊருக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு கோணிப்பை, ஒரு ஸ்டவ், ஒரு பிளாஸ்டிக் குடம். அத்தை தூக்குச்சட்டி நிறைய வடகம் கொடுத்தார். "சைக்கிள பஸ்ஸுல ஏத்த மாட்டாக டீச்சர். ஒங்ககிட்டயே இருக்கட்டும், ஓட்டுங்க. நிறுத்தி வச்சா ட்யூப் போயிரும்" என்றார். பித்தளைப் பெட்டியை மட்டும் துண்டில் சுற்றிக் கையோடு எடுத்துக்கொண்டார். ஜூலை 16 அன்று அவர் மகள் போன் செய்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் 600க்கு 431. "முதல்ல ஒங்களுக்குத்தான் மிஸ்" என்றாள்.

வண்டி வேப்பமரத்தடியில் ஏழு மாசம் நின்றது. நான் தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் சைக்கிளில் போனேன். பொங்கல் கழித்து ஒரு லோடு ஆட்டோவோடு வந்தார். இங்கே இனி பழைய மாதிரி துணி வராது, ஊரிலேயே பைபாஸ் பக்கம் இடம் பார்த்திருப்பதாகச் சொன்னார். சைக்கிளுக்கு இரண்டு ட்யூபும் புதிதாகப் போட்டு வைத்திருந்தேன். ஆட்டோவில் ஏற்றினோம். அந்த மாசமே எனக்கென்று ஒன்று வாங்கினேன். இன்றைக்கும் பாலும் காய்கறியும் அதில்தான். வடகமும் அதற்குப் பிறகு ஒரு கோடை விடாமல் போடுகிறேன். அத்தை கீழே உட்கார்ந்தபடியே உப்பு கேட்பார்.

போன வாரம் அந்தப் பிள்ளையின் கல்யாணப் பத்திரிகை போனில் வந்தது. கூடவே அண்ணன் குரல்: "டீச்சர், அம்மாவையும் கூட்டிட்டு வந்துரணும்." அதற்காகத்தான் பீரோவைத் திறந்தேன்.

இந்தத் தாளை இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறேன். எந்தத் தாளையும் நாலாக மடித்துத்தான் வைப்பேன், இருபது வருஷப் பழக்கம். இதிலும் நாலு மடிப்பின் தடம் தெரிகிறது. ஆனால் சேலைக்குள்ளிருந்து வந்தபோது தாள் மடிந்திருக்கவில்லை. முழுவதும் விரிந்து, எழுத்து மேல்பக்கமாக, சேலையின் நட்டநடு மடிப்பில் நேராக வைக்கப்பட்டிருந்தது. மடிப்புத் தடங்களின் மேல் பெட்டி ஓடியிருக்கிறது. தாள் வாழையிலை மாதிரி வழவழப்பாக இருக்கிறது. வலது ஓரத்தில் விரல்நகம் அளவுக்குப் பழுப்பு.

ஏழாவது வரி ஒரே வார்த்தை: சைக்கிள்.

அதற்கு மேலே ஆறாவது வரி: "தேய்ப்பு வண்டிக்கு வாரம் இரண்டு சேலை. தேவை இல்லாவிட்டாலும்."

இரண்டையும் சேர்த்துத்தான் படித்திருப்பார். படித்துவிட்டு, தண்ணீர் தெளித்து, சேலையை முதலிலிருந்து தேய்த்திருக்கிறார்.

தாளை இருந்த இடத்திலேயே வைத்து, சேலையை அவர் போட்ட கோட்டிலேயே திரும்ப மடித்தேன். வெள்ளிக்கிழமை காலையில் தாளை மட்டும் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். சேலைக்குத் தேய்ப்பு வேண்டாம். மாட்டுத்தாவணியில் ஆறரை மணி பஸ். அத்தைக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடிக்க வேண்டும்.